போர்ட் பிளேரில் பயணியர் பரிசோதனையும் தனிமைப்படுத்தலும்

அந்தமான் தலைநகர் போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வெளியிலிருந்து வருவோரைச் சோதித்து, தேவைப்பட்டால் ஒதுக்கி வைக்கும் நடைமுறை. முதலில் கப்பல் பயணிகளுக்கும் கொரோனா காலத்தில் பெரும்பாலும் விமானப் பயணிகளுக்கும் உரியதாக இருந்தது.

1877இல் தீவின் பழங்குடியினரான கிரேட் அந்தமானியரிடையே தட்டம்மை பரவியது. சென்னையிலிருந்து வந்த கைதிகளை நலமானவர்கள் என்று கருதி இறங்கவிட்டதே காரணம் எனப் பழைய அரசுக் குறிப்புகள் கூறுகின்றன. கிரேட் அந்தமானியரில் பாதிப் பேர், ஒருவேளை மூன்றில் இரண்டு பங்கினர், மாண்டதாக அதிகாரி எம்.வி. போர்ட்மன் கருதினார்; இது மதிப்பீடே. 1999இல் மற்றொரு பழங்குடியினரான ஜாரவாக்களுக்கும் தட்டம்மை வந்தது.

சென்னையிலிருந்து கப்பலில் வர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். காய்ச்சல் வழியிலேயே தெரியவரலாம். விமானத்தில் இரண்டு மணி நேரமே; அதற்குள் அறிகுறி தெரியாமல் போகலாம். 2020 மார்ச் இறுதியில் தீவில் முதலில் கொரோனா தொற்று கண்டறியப்பட்டோர் டெல்லி சென்று கொல்கத்தா வழியாக விமானத்தில் திரும்பியவர்கள். சோதனைப் பொருள் உட்பட எல்லாமே இந்தியப் பெருநிலத்திலிருந்து வரவேண்டிய இடம் என்பதால், ஐந்து பேரின் மாதிரியைக் கலந்து ஒரே சோதனையாகச் செய்யும் கூட்டுச் சோதனையை ஆட்சி நிர்வாகம் ஏப்ரலில் கையிலெடுத்தது. முடிவு 'இல்லை' என்றால் ஐவரும் விடுவிக்கப்படுவர். 'உண்டு' என்றால் ஒவ்வொருவரையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். இதில் நாட்டிலேயே முதலிடம் அந்தமானுக்கு என்பர். உத்தரப் பிரதேசமும் அவ்வாறே உரிமை கோரியது.

அப்போது போர்ட் பிளேருக்கு வெளிநாட்டு விமானம் இல்லை. வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் சென்னை போன்ற நிலையங்களில் இறங்கி, 2020 மே 24இன் விதிப்படி ஏழு நாள் முகாமிலும் ஏழு நாள் வீட்டிலும் இருக்க வேண்டியிருந்தது. பின்னர் தீவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் சான்றைக் காட்ட வேண்டியதாயிற்று.

இத்தனை காவலையும் தாண்டி, 2020 ஆகஸ்டில் கிரேட் அந்தமானியர் பத்துப் பேருக்குத் தொற்று உறுதியானது. மொத்தமே ஐம்பது பேர் அளவில் எஞ்சியிருந்த இனம் அது. போர்ட் பிளேரில் இருந்தோரிடம் முதலில் தெரியவந்ததும், மருத்துவக் குழு படகில் அவ்வினத்தார் வாழும் ஸ்ட்ரெயிட் தீவுக்குச் சென்று அங்கிருந்தோரைச் சோதித்தது. அங்கே நால்வருக்குத் தொற்று இருந்தது.

பன்னாட்டுப் பயணிகள் தம் உடல்நிலையை அறிவிக்க நிரப்பிய ஏர் சுவிதா படிவம் 2022 நவம்பரில் கைவிடப்பட்டது. எனவே 2024 நவம்பரில் கோலாலம்பூரிலிருந்து ஏர் ஏசியா விமானம் போர்ட் பிளேரில் நேரடியாக வந்திறங்கியபோது அந்தப் படிவம் தேவைப்படவில்லை.