போர்ட் கிள்ளானும் குழந்தையின் முதற்சோறும்

குழந்தைக்கு முதன்முதலாகச் சோறூட்டுவதை நாம் சடங்காகவே நோக்கி வந்துள்ளோம். அது துறைமுக வரலாறும் ஆகும். 1901இல் திறக்கப்பெற்ற போர்ட் சுவெட்டன்ஹாம், 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறியது. அத்துறைமுகம் எழுந்த காலத்து மலாயா, பர்மா, சயாம் நாடுகளின் அரிசியையே பெரிதும் நம்பியிருந்தது.

சப்பானியர் ஆட்சியில் (1942–1945) அரிசி வரத்துக் குன்றவே, மரவள்ளிக்கிழங்கு சோற்றின் இடத்தைப் பெற்றது. வயிற்றை நிரப்பும் அக்கிழங்கில் புரதம் மிகக் குறைவு. தாய்ப்பாலோடு துணையுணவும் வேண்டப்படும் ஆறு மாதக் குழவிக்கு இக்குறை பேரிழப்பாகும்.

துறைமுகக் கணக்குகள் மூட்டைகளை எண்ணும். கரண்டியில் இருந்தது குழைசோறா, கிழங்குக் கூழா என்று கூறா. அன்று தம்பி தங்கையர்க்கு ஊட்டிய தமக்கையர் இன்று தொண்ணூறை அணுகுகின்றனர். அவர்தம் வாய்மொழியைக் காலந்தாழ்த்தாது பதிவுசெய்தல் ஆய்வாளர்க்கும் தமிழாசிரியர்க்கும் உரிய கடமையென்பது நம் துணிபு.