பழவேற்காட்டில் நோயாளியைச் சுமந்தவர்கள்

1598இல் ஆம்ஸ்டர்டாம் நகரில், கடல் காப்பீட்டு வழக்குகளைத் தீர்க்கவென்றே ஒரு மன்றம் அமைந்தது. அந்த நகரச் சட்டப்படி கப்பலுக்குக் காப்பு எடுக்கலாம், மிளகு மூட்டைக்கு எடுக்கலாம், துணிப் பொதிக்கு எடுக்கலாம். மனித உயிரின் மேல் எடுக்கக் கூடாது. அனுமதித்தால் அது சூதாட்டமாகிவிடும், ஒருவன் சாவுக்குக் காத்திருந்து இன்னொருவன் காசு பார்ப்பான் என்ற பயம் அன்று ஐரோப்பாவில் பல ஊர்களில் இருந்தது. பன்னிரண்டே ஆண்டுகளில் டச்சு வணிகர்கள் பழவேற்காட்டுக் கரையில் கடை விரித்தார்கள்.

விஜயநகர அரசர் வேங்கடபதிராயரிடம் 1610இல் அனுமதி வாங்கினார்கள். 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர் அந்தக் கிடங்கைச் சூறையாடிவிட்டுப் போனார்கள். மறு ஆண்டே டச்சுக்காரர்களின் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அதுதான் தலைமையிடம். இங்கே நெய்த துணியைக் கொடுத்து அங்கே கிழக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்குவது வியாபாரம். லுங்கிக் கடைகளில் இன்றும் சொல்லப்படும் ‘பாலையக்காட்’ இந்த ஊர்ப் பெயர்தான்.

சரக்கின் கதை பலரும் எழுதியது. சரக்கோடு வந்த ஆள் நோயில் விழுந்தால் என்ன ஆனான் என்பதுதான் இங்கே கேள்வி.

கம்பெனி தன் ஆட்களை அப்படியே கைவிட்டுவிடவில்லை. ஒவ்வொரு பெரிய கப்பலிலும் ஓர் அறுவை வைத்தியர் இருந்தார். நோயாளிக்கு வேதம் வாசித்துத் தேறுதல் சொல்லச் சம்பளத்துக்கு ஓர் ஆள் இருந்தார். பணியில் காயம் பட்டால் வைத்தியச் செலவு கம்பெனியுடையது. கை போனால் இவ்வளவு, கால் போனால் இவ்வளவு, கண் போனால் இவ்வளவு என்று ஒப்பந்த விதிகளிலேயே பட்டியல் இருந்தது. மாலுமி எழுதிக்கொடுத்தால் ஆண்டுக்கு மூன்று மாதச் சம்பளம் ஊரிலுள்ள மனைவிக்குப் போய்ச் சேரும். பதினேழாம் நூற்றாண்டுக்கு இது தாராளம்தான். இன்றைக்கும் இத்தனையும் எழுதிக்கொடுக்காத முதலாளிகள் உண்டு.

ஆனால் அந்த விதிகளில் இல்லாத ஒன்று, பிழைக்கக்கூடிய இடத்துக்கு அவனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. சேர்க்க வழியும் இல்லை. கப்பல்கள் காற்றின் கணக்கில் வந்து போயின. ஐப்பசி பிறந்தால் வாடைக்காற்றுக்கும் புயலுக்கும் பயந்து சோழமண்டலக் கரையைக் கப்பல்கள் காலி செய்துவிடும். கார்த்திகையில் காய்ச்சல் கண்டவன் காற்று திரும்பும்வரை கிடக்க வேண்டியதுதான். இன்றைய ஜகார்த்தாவான படேவியாவின் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றாலும் வாரக்கணக்கில் கடல். ஐரோப்பாவிலிருந்து வரும் வழியிலேயே மாலுமிகள் சொறிகரப்பானில் செத்து விழுந்ததால் கம்பெனி 1652இல் நன்னம்பிக்கை முனையில் ஒரு தங்கல் அமைத்தது. கீரை, தண்ணீர், இறைச்சி, நோயாளிகளுக்குப் படுக்கை எல்லாம் அங்கே கிடைத்தன. கேப்டவுன் நகரத்தின் தொடக்கம் அது. இரண்டு நூற்றாண்டுகளில் நெதர்லாந்திலிருந்து ஆசியாவுக்குக் கப்பலேறியவர்கள் ஏறத்தாழ பத்து லட்சம் பேர். ஊர் திரும்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். திரும்பாதவர் எல்லாரும் சாகவில்லை, இங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. ஆனாலும் மிச்சக் கணக்கு பெரியது.

அந்தக் கணக்கின் ஒரு சிறு பகுதி பழவேற்காடு டச்சுக் கல்லறையில் கிடக்கிறது. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கும் அந்த இடத்தின் வாசலில் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே குடும்பச் சின்னங்களும் டச்சு எழுத்துகளும் கொண்ட கருங்கல் பலகைகள். கல்லில் பெயர் வெட்டிக்கொள்ள வசதி இருந்த அதிகாரிகளும் அவர்கள் குடும்பத்தினரும் இங்கே படுத்திருக்கிறார்கள். சாதாரணச் சிப்பாய்க்கும் மாலுமிக்கும் யார் கல் வெட்டுவார்கள்?

இந்தக் கரையில் கப்பல்கள் வெளியே ஆழத்தில்தான் நங்கூரம் போடும். அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தவை, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள். ஆகவே நோயில் துவண்ட டச்சுக்காரனை மண்ணில் இறக்கியதும், தேறினால் மறுபடி கப்பலில் ஏற்றியதும் உள்ளூர்ப் படகுக்காரர்கள்தான்.

இதே கரையிலிருந்து வேறு விதமாகவும் மனிதர்கள் ஏற்றப்பட்டார்கள். பஞ்சத்திலும் போரிலும் அடிமையாக விலைபோன பல்லாயிரம் பேரை டச்சுக் கப்பல்கள் பழவேற்காட்டிலிருந்து படேவியாவுக்கும் தீவுகளுக்கும் கொண்டுபோயின. அவர்களுக்கு வைத்தியப் பட்டியலும் இல்லை, குடும்பத்துக்கு மூன்று மாதச் சம்பளமும் இல்லை. உயிரின் மேல் காப்பு எடுக்கக் கூச்சப்பட்ட ஐரோப்பா, அடிமையைச் சரக்குக் கணக்கில் காப்பீடு செய்யக் கூச்சப்படவில்லை. அதன் உச்சம் 1781இல் நடந்தது. ‘சோங்’ என்ற ஆங்கிலேயக் கப்பலிலிருந்து 130க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை உயிரோடு கடலில் தள்ளினார்கள். பிறகு சரக்கு நட்டம் என்று காப்பீட்டுப் பணம் கேட்டார்கள். 1783இல் லண்டன் நீதிமன்றம் அதைக் கொலை வழக்காக அல்ல, காப்பீட்டு வழக்காகவே விசாரித்தது.

டச்சுக்காரர்கள் போனார்கள், 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பழவேற்காடு ஏரியைச் சுற்றியிருந்த மீனவக் குப்பங்களுக்கு இதனால் ஒன்றும் மாறவில்லை. நோயாளியைத் தண்ணீர் கடத்துவது அவர்கள் பாடாகவே இருந்தது.

சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரிதே தவிர ஆழமில்லை. பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான். கழியை ஊன்றித் தோணியைத் தள்ளிக்கொண்டு போகலாம். கோடையில் முகத்துவாரத்தை மண் அடைத்துக்கொண்டால் நீர் வற்றிச் சேறு மேலே வரும், தோணி தரை தட்டும். பிறகு இறங்கி இழுக்க வேண்டும். உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண் படுத்திருக்கும்போது, இரண்டு பேர் தொடையளவு சேற்றில் தோணியை இழுப்பதை நினைத்துப் பாருங்கள். பாம்புக்கடியோ நெஞ்சுவலியோ, நேரம் தோணியின் கையில். கரையேறினாலும் பொன்னேரி ஏறத்தாழ 20 கிலோமீட்டர், சென்னை 60 கிலோமீட்டர் அளவில். பக்கிங்காம் கால்வாய் வழியே விறகும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் சென்னைக்குப் போன காலத்தில் படகுதான் சாலை. இப்போது கலங்கரைவிளக்கப் பக்கத்துக் குப்பங்களுக்குப் பாலம் இருக்கிறது. ஆந்திர எல்லைக்குள் இருக்கும், தமிழ் பேசும் இருக்கம் தீவு போன்ற இடங்களில் படகை நம்பியே காலம் தள்ளியிருக்கிறார்கள்.

செலவு? அதற்கு ஊரே காப்பீட்டுக் கம்பெனி. ஏரியில் இறால் வலை கட்டும் இடங்களைக் குலுக்கிப் போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் பாடு முறை பழவேற்காட்டுப் பட்டினவர் மீனவக் குப்பங்களில் தலைமுறைகளாக இருக்கிறது. தலைக்கட்டு ஒவ்வொன்றுக்கும் உரிமை உண்டு, ஊர் வரியும் உண்டு. திருவிழாவுக்கும் அவசரத்துக்கும் ஊர்ப்பணம் கைகொடுக்கும். அது தீர்ந்தால் இறால் வியாபாரியிடம் முன்பணம். வாங்கியவர் பிடித்த இறாலை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும். இதற்கும் பிரீமியம் என்றே பெயர் வைக்கலாம். என்ன, நோய் தீர்ந்த பிறகும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டிய பிரீமியம்.

அரசு காப்பீடு 1980களில் வந்தது. மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் தொடக்கத்தில் தொகை அற்பம், படிப்படியாக ஏறியது. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் இப்போது இறந்தாலோ முழுமையாக முடங்கினாலோ 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 25,000 ரூபாய். பிரீமியத்தை அரசே கட்டுகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் இந்த மூன்று தொகைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கம்பெனிக் காலத்துப் பட்டியலின் சாயல் தெரியும். செத்ததற்கும் முடங்கியதற்கும் விலை இருக்கிறது. சாகாமல் கொண்டுசேர்ப்பதற்குத் தனி வாசகம் ஒன்றைக் காணோம். செத்ததற்கான பணமும் உடல் கிடைத்தால்தான் சுலபம். காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டம் ஏழு ஆண்டு காத்திருக்கச் சொல்கிறது. 2017 ஒக்கிப் புயலில் நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பாதபோதுதான் தமிழக, கேரள அரசுகள் அந்த நிபந்தனையைத் தளர்த்தி நிவாரணம் கொடுத்தன.

கொண்டுசேர்க்கும் வேலை தனியே வளர்ந்தது. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008இல் ஓடத் தொடங்கியது. அது கரைவரை வரும். கடலுக்குள் என்றால் கடலோரக் காவல்படை, அழைக்க 1554. ஒக்கியில் பாடம் படித்த கேரளம் 2020இல் ‘பிரதீக்ஷா’ என்ற கடல் ஆம்புலன்ஸ் படகை இறக்கியது, அதன்பின் இன்னும் இரண்டு. ஆபத்தில் பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியை மீனவர்களுக்காக இஸ்ரோ செய்திருக்கிறது. பழவேற்காட்டு மீனவருக்கு இஸ்ரோ தூரத்துச் சங்கதி இல்லை. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிக்கோட்டாவில்தான் ராக்கெட் ஏறுகிறது. ஏறும் நாளில் கடலின் குறிப்பிட்ட பகுதிக்குள் போகக் கூடாதென்று முதலில் சொல்லப்படுவதும் அவர்களுக்குத்தான்.

தமிழக மீனவர் இப்போது வளைகுடாவிலும் கூலிக்கு வலை இழுக்கிறார். அங்கே விழுந்தால்? 2003இல் மத்திய அரசு பிரவாசி பாரதிய பீமா திட்டத்தைக் கொண்டுவந்தது. 2017இல் திருத்திய வடிவில் இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் பிரீமியம். விபத்தில் இறந்தால் 10 லட்சம், ஆஸ்பத்திரிக்கு ஒரு லட்சம்வரை, உடல் தகுதி இழந்து திரும்ப நேர்ந்தால் சாதாரண வகுப்பு விமானக் கட்டணம். இந்த விலைக்கு இது பெரிய உதவி. ஆனால் சாதாரண வகுப்பு டிக்கெட்டில் உட்கார முடிந்தவர்தான் வர முடியும். படுத்த நிலையில் ஸ்ட்ரெச்சரில் வருபவருக்குப் பல இருக்கைகள் வேண்டும், கூடவே நர்ஸோ டாக்டரோ வேண்டும். இன்னொன்று, பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் குறிப்பிட்ட பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போதுதான் இந்தக் காப்பீடு கட்டாயம். அந்தப் பட்டியலில் ஈரான் இல்லை.

2020இல் கொரோனா முடக்கத்தில் ஈரானில் சிக்கிய இந்திய மீனவர்களில் பெரும்பகுதி தமிழகத்தவர். ஜூன் மாதக் கடைசியில் பந்தர் அப்பாஸ் துறைமுகத்தில் 687 பேரை ஏற்றிக்கொண்ட கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் ஜூலை 1இல் தூத்துக்குடிக்கு வந்தது. பாலிசி எதுவும் அவர்களைக் கூட்டிவரவில்லை, போர்க்கப்பல்தான் கூட்டிவந்தது. சரக்குக் கப்பல் மாலுமிக்கு நோய் வந்தால் வைத்தியம் பார்த்து ஊர் சேர்ப்பது கப்பல் முதலாளியின் கடமை என்று 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது, இந்தியா அதை 2015இல் ஏற்றது. மீன்பிடிப் படகுக்காரர் அதில் சேர்த்தியில்லை. அவர்களுக்கென்று 2007இல் உருவான தனி உடன்படிக்கையை இந்தியா ஏற்கவில்லை. ஏற்காததற்குச் சொல்லத்தக்க காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

இனி பழைய டச்சுக்காரனின் ஊருக்கே போக நினைக்கும் பழவேற்காட்டுக்காரரைப் பார்ப்போம். நெதர்லாந்து உட்பட்ட ஷெங்கன் நாடுகளின் விசாவுக்கு, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். அவசர சிகிச்சையோடு, நோயாளியை அல்லது உடலை ஊர் கொண்டுசேர்க்கும் செலவும் அதற்குள் அடங்க வேண்டும். நானூறு ஆண்டுக்கு முன் தன் மாலுமிக்கு எழுதிக்கொடுக்காததை, இன்று வருகிறவரிடம் அந்த நாடு எழுதிக் கேட்கிறது.

வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவரிடம் அப்படிக் கேட்க யாரும் இல்லாதபோது அவரே கேட்க வேண்டும். பயணக் காப்பீட்டில் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றுவது வேறு, சொந்த ஊருக்குக் கொண்டுவருவது வேறு. இரண்டும் இருக்கிறதா, ஸ்ட்ரெச்சருக்கும் கூட வரும் ஆளுக்கும் பணம் உண்டா, மாற்றலாமா என்று முடிவெடுப்பது யார், சுற்றுலா பாலிசியை வைத்துக்கொண்டு படகில் வேலை செய்தால் செல்லுமா, பழைய சர்க்கரையும் இரத்த அழுத்தமும் விலக்கப்பட்டிருக்கின்றனவா? இறந்தால் எவ்வளவு என்று ஏஜென்ட் தானாகவே சொல்லிவிடுவார். உயிரோடு திரும்ப எவ்வளவு என்று கேட்டு, பாலிசியில் அந்த வரியைக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.