அராரத் மண் தந்த ஊசிமருந்து

துருக்கியின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது அராரத் மலை. நோவாவின் பேழை தரைதட்டியதாக நம்பப்படும் இடம். பேழையைத் தேடி ஏறியவர்கள் பலர். உருப்படியாக இறங்கி வந்தது கொஞ்சம் மண். அந்த மண்ணில் இருந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் ரோசியோஸ்போரஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து, 1980களில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனம் டாப்டோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை உருவாக்கியது.

13 அமினோ அமிலங்கள், 10 கார்பன் நீளத்தில் ஒரு கொழுப்பு வால். ஒரு முனை நீரை நாடும், மறுமுனை கொழுப்பை நாடும், சோப்பின் குணம். இப்படிச் சோப்புக் குணமுள்ள மூலக்கூறுகளைச் செய்வது மண் பாக்டீரியாக்களுக்குக் கைவந்த கலை. 1968இல் ஜப்பானில் அறிவிக்கப்பட்ட சர்ஃபாக்டினும் இதே இனம்தான். அது கிருமியையும் கொல்லும், நம் சிவப்பணுவையும் உடைக்கும். நரம்பில் ஏற்ற முடியாது.

டாப்டோமைசின் ஆள் பார்த்து அடிக்கும். கால்சியத்தைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, பாஸ்ஃபடைடில்கிளிசரால் என்னும் கொழுப்பு மிகுந்த சவ்வில் போய்ப் பதியும். பாக்டீரியாவின் சவ்வில் அது ஏராளம். நம் செல்களின் வெளிச்சவ்வில் அரிது. சவ்வு நிலைகுலைந்து, உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியேற, கிருமி சாகும்.

ஆனாலும் தசையில் இடித்தது. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை அதிக அளவில் கொடுத்தபோது தன்னார்வலர்களின் இரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் ஏறியது. தசை சேதமாவதன் அடையாளம் அது. லில்லி மருந்தை ஓரங்கட்டியது. 1997இல் க்யூபிஸ்ட் என்ற சிறு நிறுவனம் உரிமையைப் பெற்றது. நாய்களில் சோதித்தபோது, நாளுக்கு ஒரே ஊசியாகக் கொடுத்தால் தசைச் சேதம் குறைவு என்று தெரிந்தது. பழுது பார்த்துக்கொள்ளத் தசைக்கு நேரம் கிடைத்தது. கிருமியைக் கொல்வதிலும் குறையில்லை. மூலக்கூறில் ஓர் அணுவைக்கூட மாற்றவில்லை, கடிகாரத்தைத்தான் மாற்றினார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது. தோல் தொற்றுகளுக்கு 2003இல் அமெரிக்க அனுமதி. இரத்தத்தில் பரவிய ஸ்டெஃபைலோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவுக்கு 2006இல்.

நிமோனியாவில் மட்டும் தோற்றது. நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமலிருக்க நம் உடலே ஒரு பரப்புவினைப் பொருளைச் சுரந்து பூசி வைத்திருக்கிறது. அதிலும் பாஸ்ஃபடைடில்கிளிசரால் உண்டு. கிருமியைத் தேடிப்போன மருந்து அந்தப் பூச்சிலேயே சிக்கிச் செயலிழக்கிறது. அதனால் மெத்திசிலின் என்ற மருந்துக்கு மசியாத ஸ்டெஃபைலோகாக்கஸ் நுரையீரலைப் பிடித்தால் மருத்துவர்கள் வான்கோமைசினையோ லினசோலிடையோதான் நாடுகிறார்கள். மற்ற தொற்றுகளுக்கு டாப்டோமைசின் ஏற்றினால், வாரந்தோறும் கிரியேட்டின் கைனேஸ் பரிசோதனை இன்றும் உண்டு.