நார்தர்ன் சோல்

வட இங்கிலாந்தின் நடன அரங்குகளில் விடிய விடிய ஒலித்த இசைக்கு இந்தப் பெயர். பாடியவர்கள் அந்த ஊர்க்காரர்கள் அல்லர். டெட்ராய்ட், சிகாகோ போன்ற அமெரிக்க நகரங்களின் கறுப்பினப் பாடகர்கள். பெயரில் உள்ள வடக்கு, கேட்டவர்களின் வடக்கு.

பெயர் வைத்தவர் டேவ் காடின். லண்டனில் ‘சோல் சிட்டி’ என்ற இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். கால்பந்து ஆட்டம் பார்க்க வடக்கிலிருந்து வந்த இளைஞர்கள் புதிய ஃபங்க் இசைத்தட்டுகளைச் சீண்டவே இல்லை. அறுபதுகளின் நடுவில் வந்த, மோட்டவுன் இசைநிறுவனத்தின் சாயல் கொண்ட துள்ளல் பாட்டுகளையே கேட்டார்கள். அவர்களுக்கு எதைப் போட்டுக் காட்டுவது என்று கடைப் பையன்களுக்குச் சொல்ல 1968இல் உருவான அடையாளச் சொல் இது. 1970இல் அவருடைய பத்திரிகைப் பத்தி வழியே ஊரறிந்தது.

ஆக, ரசனை பிரிந்ததால் பிறந்த சொல். எழுபதுகளில் அதற்குள்ளேயே இன்னொரு பிரிவு. 1973இல் தொடங்கிய விகன் கசினோ என்ற நடன அரங்கு பழைய அதிவேகப் பாட்டுகளை விடவில்லை. பிளாக்பூல் மெக்கா என்ற இன்னொரு அரங்கில் இயன் லெவின், காலின் கர்டிஸ் என்ற டிஜேக்கள் புதிதாக வந்த தட்டுகளைச் சுழலவிட்டார்கள். லெவின் வெளியேற வேண்டும் என்று பதாகை பிடிக்கும் அளவுக்குப் பழைய பாட்டு ரசிகர்களின் கோபம் முற்றியது. எனக்கு மெக்கா பக்கமே நியாயம் தெரிகிறது. பழைய புதையல் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

அபூர்வத் தட்டுக்கு அப்படியொரு போட்டி. எந்தத் தட்டு என்று போட்டியாளர்களுக்குத் தெரியாதிருக்க, லேபிளின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, பாடகருக்குப் பொய்ப்பெயர் சூட்டி ஒலிக்கவிட்ட டிஜேக்களும் உண்டு.