காவிரி மீன்களும் அவற்றின் பெயர்களும்

ஆற்றின் வரலாற்றை ஆராய்வோர் அணையையும் கால்வாயையும் கல்வெட்டையும் கருதுவர்; மீனைக் கருதுவோர் மிகச் சிலரே. ஆயினும், திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்த காவிரிப் பகுதியின் மீன் வரலாறு தமிழ்ச் சொல்லாராய்ச்சிக்கும் இன்றியமையாதது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முயல்கின்றது.

சங்கப் பாடல்களில் வாளை, வரால், கெண்டை, கயல், ஆரல், அயிரை, கெளிறு முதலிய மீன்கள் பயில்கின்றன. குறுந்தொகையின் 8 ஆம் பாட்டில் வாளையும், 25 ஆம் பாட்டில் ஆரலும் பொருட்சிறப்புடன் அமைந்தமை யாவரும் அறிந்ததே. இப்பெயர்களுட் பல இன்றும் வழக்கில் உள்ளன. வரால் விரால் எனத் திரிந்து வழங்குகின்றது. உய்யக்கொண்டான் கால்வாய் பாயும் பாலக்கரையிலும் உறையூரிலும் வாழ்வோர்க்கு இவை ஏட்டுச் சொற்கள் அல்ல. நாவில் வழங்கும் சொற்களே.

எனினும், பெயர் நிலைத்தமையால் மீனும் நிலைத்தது எனக் கொள்ளுதல் பொருந்தாது. 1836 ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் என்பார் முக்கொம்பில் மேலணையையும், கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் கீழணையையும் அமைத்தார். கழனிகள் செழித்தன, ஆனால், கடலினின்று ஆற்றில் எதிரேறி முட்டையிடும் உல்ல மீனுக்கு வழி தடைப்பட்டது. அணைகள் மீன்களின் செலவைத் தடுத்தலைப் பிரான்சிஸ் டே என்னும் அறிஞர் 1873 ஆம் ஆண்டு அறிக்கையில் விரித்துரைத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கொள்ளிடத்தில் இம்மீனின் முட்டைகளைச் செயற்கை முறையில் பொரிக்கச் செய்யும் முயற்சியும் நிகழ்ந்தது. 1934 ஆம் ஆண்டில் மேட்டூர் அணை நிறைவுற்ற பின், வெள்ளப் பெருக்கின் இயல்பே மாறிற்று. உல்லத்தின் வரவும் பெரிதும் அருகிற்று.

பழைய மீன்கள் குறைந்த இடத்தில் புதியன புகுந்தன. வடபுல ஆறுகளுக்குரிய கட்லாவும் ரோகுவும் இங்கு வளர்க்கப்பட்டன. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திலேப்பியா 1952 ஆம் ஆண்டில் இந்தியாவிற் புகுந்து, மக்கள் வழக்கில் ஜிலேபிக் கெண்டை ஆயிற்று. அது கெண்டை இனத்தைச் சார்ந்ததன்று. அயல் மீனொன்று பழந்தமிழ்ப் பெயரைத் தாங்கி நிற்பதனால், இன்றைய அங்காடி வழக்கை மட்டும் துணைக்கொண்டு பண்டைப் பாடலுக்கு உரை காண்பது பிழைக்கு இடமாகும்.

மறுபுறம், பெயர் தெளியாமையாலும் கேடு விளைதல் உண்டு. காவிரியின் மேற்பகுதிக்கே உரிய திமிலுடைய மகசீர் மீன் தூண்டிலிடுவோரிடையே நெடுங்காலம் புகழ்பெற்றிருந்தும், அதற்குரிய அறிவியற் பெயர் இன்னதென 2018 ஆம் ஆண்டிலேதான் தெளிவாயிற்று. அதற்குள் அம்மீன் முற்றும் அழியும் நிலையை அணுகிவிட்டது.

அகராதியில் 'ஒருவகை மீன்' என்னும் பொருளோடு அமைந்துவிட்ட சொற்கள் பல. ஒரு மீன் ஆற்றை விட்டு நீங்குமாயின், அதன் பெயரும் அத்தகைய வறிய விளக்கத்தையே எய்தும். ஆதலின், முக்கொம்பு முதல் கல்லணை வரையுள்ள மீனவர்தம் வழக்குச் சொற்களைத் திரட்டி, ஒவ்வொன்றையும் உரிய மீனோடும் அறிவியற் பெயரோடும் பொருத்திப் பதிவு செய்தல் வேண்டும். இதனை விலங்கியலார் தனித்துச் செய்தல் அரிது. தமிழாய்வாளரும் உடன் நின்று ஆற்றற்குரிய பணி இதுவாகும்.