கவர்னர் கொடுத்த பெயர்

புதுச்சேரியில் பழைய குடும்பம் எதைக் கேட்டாலும் ஒரு மூதாதையர் துய்ப்ளேக்ஸ் துரைக்கு வலது கையாக இருந்திருப்பார். ஆனந்தரங்கப் பிள்ளை இருபத்தைந்து வருஷம் நாட்குறிப்பு எழுதினாரே, அதில் இத்தனை வலது கைகளுக்கு இடமில்லை. எங்கள் வீட்டுக் கதை அவ்வளவு பழையதில்லை. அதனாலேயே அது உண்மையாக இருக்கும் என்று அறுபது வருஷம் நம்பினேன்.

அப்பாயி சொன்ன கதை இது. கொள்ளுத்தாத்தா ஒரு பெரிய துபாஷ். கல்யாணம் ஆன புதிதில் ஒரு நாள் கடற்கரையில் நின்றுகொண்டிருந்தார். கவர்னர் மனைவி வந்த சலங்கு அலையில் கவிழ்ந்தது. பட்டு வேட்டியோடு கடலில் குதித்து, அந்த அம்மாளைத் தோளில் சுமந்து கரை சேர்த்தார். கவர்னர் மகிழ்ந்து ஒரு பிரெஞ்சுப் பெயரைப் பரிசாகக் கொடுத்தார். அதுதான் இன்றுவரை எங்கள் குடும்பப் பெயர். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அதைத் தாங்கிய உறவினர்கள் பாரீஸ் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள், என் மேல் கோபப்படுவார்கள்.

போன வருஷம் பிரான்சிலிருந்து அக்காவின் பேத்தி போன் செய்தாள். பள்ளியில் குடும்ப வரலாறு எழுதச் சொன்னார்களாம். "கவர்னர் பெயர் என்ன தாத்தா? எந்த வருஷம்?" என்று கேட்டாள். முப்பத்தைந்து வருஷம் அரசாங்கத்தில் குமாஸ்தாவாகக் கோப்பு பார்த்தவன் நான். தேதி இல்லாத காகிதத்தை மேலே அனுப்பியதே இல்லை. இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

பிரெஞ்சு இந்தியாவின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை எக்ஸ் நகரத்தில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகம் படம் எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறது. காசு வேண்டாம், பொறுமை வேண்டும். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததற்கு இந்த வயதில் ஒரு பயன் கிடைத்தது. ஆனால் மொழி தெரிந்தால் மட்டும் போதாது. நம் பெயர்களை அந்தக் காலத்து எழுத்தர் தன் காதுக்குக் கேட்டபடி எழுதியிருப்பார். ஆறுமுகமும் முருகனும் ஒவ்வொரு பக்கத்தில் ஒவ்வொரு விதமாக வருவார்கள். பத்து வருஷத்துக்கு ஒன்றாகத் தொகுத்த அட்டவணைகளில் ஆரம்பிப்பதுதான் புத்திசாலித்தனம். அது எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

முதலில் கிடைத்தது தாத்தாவின் திருமணப் பதிவு, 1904. அதில் எங்கள் குடும்பப் பெயர் இருந்தது. பிறகு அவருடைய பிறப்புப் பதிவு, 1880. அதில் அந்தப் பெயர் இல்லை! தகப்பன் பெயர், பாட்டன் பெயர், அவ்வளவுதான். ஆக, பெயர் வந்தது இரண்டுக்கும் நடுவில். திருமணப் பதிவில் தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சொல் இருந்தது: 'ரெனோன்சான்'. துறந்தவர்.

இளைய வாசகர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஒரு ஆணை வந்தது. பிரெஞ்சு இந்தியாவில் யார் வேண்டுமானாலும் தங்கள் சாதி, மத வழக்கப்படியான சொந்தச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். அதிகாரி முன்னால் அறிவித்துப் பதிய வேண்டும். ஒருமுறை துறந்தால் துறந்ததுதான், திரும்ப முடியாது. மனைவி, வயது வராத பிள்ளைகள், பின்னால் வரும் சந்ததி எல்லோருக்கும் அது பொருந்தும். அப்போது ஒரு குடும்பப் பெயரையும் வைத்துக்கொள்ள வேண்டும். அதை யாரும் கொடுப்பதில்லை, தானே தேர்ந்தெடுப்பது. இந்த இயக்கத்தின் தலைவர் வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை. கோர்ட்டுக்கு ஐரோப்பியர் போலக் காலணி போட்டுப் போனதற்காகத் தண்டிக்கப்பட்டு, வழக்கைப் பாரீஸ் வரை கொண்டுபோய் ஜெயித்தவர். அவர் 'லபோர்த்' என்று வைத்துக்கொண்டார். லபோர்த் என்றால் கதவு. அந்தக் கதவு வழியாகப் போனவர்களில் பெரும்பாலோர் பெரிய வீட்டுக்காரர்கள் இல்லை, சாதி வழக்கத்தால் ஒதுக்கப்பட்டிருந்தவர்கள்தான் அதிகம். பள்ளியில் பிரான்சின் அரசர்கள் பெயரை வரிசையாக ஒப்பித்தேன். இதை ஒருவரும் சொல்லித்தரவில்லை.

கொள்ளுத்தாத்தாவின் துறவுப் பதிவு நகலைக் கையில் வாங்கியபோது எனக்குக் கொஞ்சம் நடுங்கியது. 1883. வயது முப்பத்திரண்டு. தொழில் என்ற இடத்தில் 'பத்தலியே'. படகுக்காரர். கடைசி வரியில், அறிவித்தவர் தமக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்று சொன்னார், என்று எழுத்தர் அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறார்.

துபாஷ் என்றால் இரண்டு மொழி தெரிந்தவர். இவருக்கு ஒரு மொழியிலும் கையெழுத்து வராது.

சரி, மீட்ட கதையாவது உண்மையா? அதையும் விடவில்லை. புதுச்சேரிக்கு அந்தக் காலத்தில் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும், சலங்குகள் போய் ஆட்களையும் சரக்கையும் இறக்கிவரும். ஆணி இல்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த படகு அது. அலை அடித்தால் நெளியும், உடையாது. மணலுக்குக் கொஞ்சம் முன்னால் படகுக்காரர்கள் இறங்கி, பிரயாணிகளைச் சுமந்து கரையில் விடுவார்கள். ஆனால் 1866-லேயே கடலுக்குள் இரும்புப் பாலம் கட்டிவிட்டார்கள். 1952 புயலில் விழுந்ததே, அதே பாலம். கொள்ளுத்தாத்தாவுக்கு அப்போது பதினைந்து வயது. அவர் கல்யாணம் செய்துகொண்ட காலத்தில் கவர்னர் மனைவி அலைக்குள் வந்து மணலில் இறங்க வேண்டிய அவசியமே இல்லை, படகு பாலத்துக்கு வந்திருக்கும்.

சிறு வயதில் அவர் யாரையாவது சுமந்திருப்பார். பலரைச் சுமந்திருப்பார். அந்தப் பலரும் சேர்ந்து, வீட்டுக் கதையில் ஒரு கவர்னர் மனைவியாக ஆகியிருக்க வேண்டும். இது என் ஊகம், எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

பேத்தியிடம் சொல்வதற்கு முன்னால் அக்காவிடம் சொல்ல வேண்டும். அவளுக்கு எண்பது தாண்டிவிட்டது. அத்தான் சொல்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், அவர் போன பிறகு இந்த மாதிரிக் கதைகள்தான் அவளுக்குத் துணை. ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். பொய்யை அப்படியே விட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்றுகூட யோசித்தேன். ஆனால் கவர்னர் கொடுத்தார் என்று சொல்லும்போது, முப்பத்திரண்டு வயதில் தானே நடந்து போய், ஊரும் உறவும் என்ன சொல்லும் என்று பார்க்காமல் பேரை மாற்றிக்கொண்ட மனிதர் காணாமல் போய்விடுகிறார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமில்லை.

"படகுக்காரரா?" என்றாள்.

"ஆமாக்கா. காகிதத்துல அப்படித்தான் இருக்கு."

"அப்பாயி இன்னொண்ணு சொல்லுவாங்களே, உனக்கு ஞாபகம் இருக்காது, நீ சின்னப் பையன். அவங்க கல்யாணமாகி வந்த புதுசுல மாமனாருக்கு எண்ணெய் தேய்ச்சு விடுவாங்களாம். ரெண்டு தோளும் மாட்டுக் கழுத்து மாதிரி காய்ச்சுக் கிடக்குமாம். துபாஷுக்கு ஏன்டா தோள் காய்க்குது? நான் ஒரு தடவைகூட இதை யோசிச்சதில்ல, பாரு."

பிறகு அந்தப் பதிவைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். கையெழுத்துத் தெரியாது என்ற கடைசி வரியும் படத்தில் விழ வேண்டுமாம்.

அனுப்பிவிட்டேன்.