தோட்கோப்பு: மலையேறிய சோற்றின் வரலாறு

'செலவு' என்றால் இன்று நமக்குப் பணம் கரைவது மட்டுமே நினைவுக்கு வருகிறது. சங்க அகப்பாடல்களில் அது பயணம். பொருள் தேடிப் புறப்பட எண்ணிய தலைவன், தலைவியின் வருத்தம் கண்டு தயங்கி நிற்பதைச் 'செலவழுங்குதல்' என்பர். கொங்கு வட்டாரத்திலோ மளிகைப் பொருள்களுக்குச் 'செலவு சாமான்' என்று பெயர். போவது, கொடுப்பது, சமைப்பது ஆகிய மூன்று பொருள்களும் ஒரே சொல்லில் எப்படிக் கிளைத்தன என்பதைச் சொற்பொருளியலார் விரிவாகப் பேசலாம். மூணாறு மலைக்குக் கூலிகளாக ஏறியவர்களுக்கு மூன்றும் ஒன்றாகவே இருந்தன. கங்காணி கொடுத்த முன்பணத்தில் வழிச்செலவும் அடங்கும். வழியில் உண்ட சோறு, தோட்டத்தை அடையுமுன்பே கடனாகிக் கணக்கில் ஏறிவிடும்.

பள்ளிவாசல் பகுதியின் வரலாறு பெரும்பாலும் தேயிலை, தண்டவாளம், மின்சாரம் என்றே எழுதப்படுகிறது. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றது, மூணாறிலிருந்து குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை சென்ற சிறு இரயில், அங்கிருந்து குரங்கணி அடிவாரத்துக்குத் தேயிலைப் பெட்டிகளை இறக்கிய கம்பிவடப் பாதை, 1940இல் தொடங்கிய பள்ளிவாசல் நீர்மின் நிலையம் ஆகியவற்றை எல்லாரும் அறிவோம். பெட்டிகள் கம்பியில் இறங்கின. மனிதர்கள் கால்நடையாக ஏறினர். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து வந்து, போடியைத் தாண்டி மலையேறிய அவர்கள் வழியில் என்ன உண்டார்கள் என்ற கேள்வியை நம் தோட்ட வரலாறுகள் அரிதாகவே எழுப்புகின்றன.

இக்கேள்விக்கு மொழி ஓரளவு விடை தருகிறது. நாலடியாரில் 'தோட்கோப்பு' என்றொரு சொல் உண்டு. வழிப்பயணத்துக்காகத் தோளில் கோத்துக்கொண்டு செல்லும் உணவு என்பது அதன் பொருள். இன்று முதுகுப்பையுடன் மலையேறும் இளைஞர்களின் பழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் எனக்குத் தோன்றவில்லை. பழமொழி நானூற்றில் 'ஆற்றுணா' வருகிறது. இங்கு ஆறு என்பது நீர் ஓடும் ஆறன்று, வழி. ஆகவே வழியில் உண்ணும் உணவு. திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் பசித்து வாடிய அப்பருக்குச் சிவன் பொதிசோறு அளித்ததாகப் பெரியபுராண மரபு சொல்கிறது. இந்தப் 'பொதிசோறு' தமிழில் ஏட்டோடு நின்றுவிட, மலையாளத்தில் 'பொதிச்சோறு' என்று அன்றாட வழக்கில் வாழ்கிறது. பள்ளிவாசலில் இரு மொழிகளும் ஒரே பேருந்தில் பயணம் செய்கின்றன. ஒருவர் கட்டுகிறார், மற்றவர் பொதிகிறார். இருவர் கையிலும் வாட்டிய வாழையிலைதான்.

கட்டுச்சோறு இன்று கோயில் பிரசாதமாகவும், கருவுற்ற பெண்ணுக்குச் செய்யும் விருந்தாகவும் சுருங்கியிருப்பதால், அதன் தொழில்நுட்பத்தை மறந்துவிட்டோம். அந்தத் தொழில்நுட்பத்தின் அடிப்படை, வழியில் நெருப்பு மூட்டத் தேவையில்லை என்பது. மலையில் இது சிறிய வசதியன்று. பருவமழையில் விறகு நனைந்திருக்கும். கோடையில் ஒரு பொறி காட்டையே எரித்துவிடும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறந்திருக்க முடியாது. இன்னொரு தடை உயரம். கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் ஏறினால் நீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு பாகை குறையும். 1,500 மீட்டரில் நீர் 95 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. அங்கே திறந்த பானையில் பருப்பு வேகக் காத்திருப்பவருக்கு விறகும் பொறுமையும் ஒருசேரத் தீரும். சமவெளியில் சமைத்ததை மலைக்குச் சுமப்பதே அறிவுடைமை.

சுமக்கும் சோறு கெடாதிருக்க வேண்டும். வெந்த சோற்றில், கொதியையும் தாங்கிப் பிழைக்கும் நுண்ணுயிர் வித்துகள் எஞ்சியிருக்கும். வெதுவெதுப்பும் ஈரமும் கிடைத்தால் அவை முளைத்துப் பெருகும். புளியின் அமிலம் அதைத் தடுக்கிறது. சோற்றை உதிரியாக வடித்து, அகலமான தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு ஆறவைத்து, நீர் வற்றிச் சுண்டக் காய்ச்சிய புளிக்காய்ச்சலைக் கிளறுவது இதற்காகத்தான். ஆறவைப்பதைச் சடங்காக எண்ணி, முதல் களப்பயணத்தில் சூடான புளிச்சோற்றை நெகிழிப் பெட்டியில் அடைத்து மூடினேன். மூடியில் கோத்த நீர் மீண்டும் சோற்றிலேயே இறங்கியது. மறுநாள் காலை மூடியைத் திறந்தபோது வீசிய நாற்றத்தில், பாட்டி 'ஆறட்டும், ஆறட்டும்' என்று சொன்னதன் வேதியியல் விளங்கிற்று. புளி எல்லாவற்றையும் காக்காது. ஈரத்தை விரட்டுவது நம் வேலை. மிக நெடிய வழிக்கு அவலும் வறுத்த மாவும் இருந்தன. இரண்டுக்கும் தண்ணீர் போதும்.

நெருக்கடிக் காலங்களில் இந்த அறிவின் மதிப்பு வேறாகிறது. 1924 ஜூலை வெள்ளத்தைக் கேரளம் கொல்ல ஆண்டு 1099ஐக் கொண்டு 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்கிறது. குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் அதில் அழிந்தது. மாங்குளம் வழியாக ஆலுவாவுக்குச் சென்ற பழைய சாலையும் போயிற்று. இன்று பள்ளிவாசல் வழியாகச் செல்லும் ஆலுவா சாலை 1931இல்தான் திறக்கப்பட்டது. தேயிலை விளையும் மலையில் நெல் விளையாது. அரிசி வெளியிலிருந்தே வரவேண்டும். வழி அறுந்தால் உலையும் அணையும்.

1942இல் பர்மா ஜப்பானியர் வசமானபோது, அரிசி இறக்குமதியை நம்பியிருந்த திருவிதாங்கூர் முழுவதுமே இந்நிலைக்கு வந்தது. மரவள்ளிக்கிழங்கு அப்போது உயிர்காத்தது. அதைத் தோலுரித்து, சீவி, அரைவேக்காடாக வெந்நீரில் வாட்டி, வெயிலில் கல்லைப்போல் காயவைப்பர். 'வாட்டுகப்ப' என்று மலையாளத்தில் பெயர். பிறகு அடைமழை மாதங்களில் ஊறவைத்து வேகவைத்தால் போதும். இடுக்கியின் குடியேற்ற விவசாயக் குடும்பங்களில் இது மழைக்காலச் சேமிப்பு. கிழங்கின் நச்சுத்தன்மையும் இச்செய்முறையில் பெரிதும் குறைகிறது. தமிழர் கட்டுச்சோறு நடப்பவருக்கான உணவு. வாட்டுகப்ப அடைபட்டுக் கிடப்பவருக்கானது. ஒரே மலையின் இருவேறு அச்சங்களுக்கு இருவேறு விடைகள்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூணாறு மீண்டும் துண்டிக்கப்பட்டது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் சரிந்த மண் எழுபது உயிர்களைக் கொண்டது. அவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைபேசியும் இல்லாததால் செய்தி வெளியே எட்டியதே மறுநாள் காலையில்தான். இத்தகைய பேரிடருக்கு உணவுப்பொதி விடையாகாது என்பதை அறிவேன். ஆயினும் ஒவ்வொரு மழைக்காலத்திலும், சரிவுகளில் உள்ள லயங்களில் வாழ்வோர் சாலை அறுபடும் நாள்களை எதிர்பார்த்தே இருக்கிறார்கள். கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வீடுகளில் வைத்திருக்கச் சொல்லும் அவசரப் பையில் கப்பலண்டி, உலர்திராட்சை, பேரீச்சை, ரஸ்க் ஆகியவை உண்டு. நல்ல பட்டியல்தான். கெடாது, நெருப்பு வேண்டாம், கனமில்லை என்று தோட்கோப்பின் இலக்கணத்துக்கு முழுதும் பொருந்துகிறது. அவலும் வெல்லமும் மட்டும் அதில் விடுபட்டுள்ளன. அவை லயத்துக்கு அருகிலுள்ள சிறு கடையிலும் கிடைக்கும், பேரீச்சையைவிட மலிவு.